எங்களையும் கேட்டு எழட்டும் எங்கள் மன்றம்

(பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு)

முன்னுரை

வீடு கட்டுகிறவர் அதில் குடியிருக்கப் போகிறவர்களை முதலில் கேட்கிறார். சமையலறை எந்தப் பக்கம் வேண்டும், தண்ணீர்த் தொட்டி எங்கே அமைய வேண்டும், பாட்டிக்குப் படியேறாமல் படுக்க இடம் உண்டா என்றெல்லாம் கேட்ட பிறகே அஸ்திவாரம் தோண்டப்படுகிறது. சட்டை தைக்கும் தையற்காரர்கூட அளவெடுத்த பின்னரே துணியில் கத்தரியை வைக்கிறார். ஆனால், இளைஞர்களுக்கென்று ஓர் ஊரில் மன்றம் அமைக்கும்போது மட்டும் இளைஞர்களைக் கேட்கும் வழக்கம் நம்மிடையே குறைவு. பெரியோர் கூடுகின்றனர், நன்கொடை திரட்டுகின்றனர், கட்டடம் எழுகிறது, திறப்பு விழாவும் இனிதே நடந்தேறுகிறது. ஓராண்டு கழித்துச் சென்று பார்த்தால் கதவில் பூட்டுத் தொங்குகிறது. அல்லது நாலைந்து அண்ணன்மார் மட்டும் கேரம் பலகையைச் சுற்றி அமர்ந்திருக்கின்றனர். மற்றவர்கள் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்பதில்லை.

இக்குறை எதனால் நேருகிறது? இதனை நீக்கும் வழி யாது? இவ்விரண்டையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

மன்றம் ஏன் வேண்டும்?

ஊருக்கு ஒரு கோயிலும், ஒரு பள்ளியும், ஒரு குளமும் இருப்பது போல இளையோர் கூடுவதற்கு ஓர் இடமும் இருத்தல் வேண்டும். பள்ளி மணி அடிக்கும் நேரத்திற்கும் இரவு உணவு நேரத்திற்கும் இடையே உள்ள சில மணி நேரத்தில்தான் நட்பு வளர்கிறது. நல்ல பழக்கமும் தீய பழக்கமும் அப்பொழுதே ஒட்டிக்கொள்கின்றன. இதனை உணர்ந்தே நம் அரசு 1972-ஆம் ஆண்டு நேரு யுவகேந்திரங்களைத் தொடங்கியது. அவற்றின் ஆதரவால் சிற்றூர்களில் இளைஞர் மன்றங்கள் பல தோன்றின.

1989-ஆம் ஆண்டு நவம்பர் 20-ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட நாம் அனைவரும் அதன் பாதுகாப்பில் அடங்குவோம். அதன் 31-ஆம் பிரிவு, ஓய்வும் விளையாட்டும் குழந்தைகளின் உரிமை என்று கூறுகிறது. 12-ஆம் பிரிவு, தம்மைப் பாதிக்கும் எச்செய்தியிலும் தம் கருத்தைக் கூறும் உரிமை அவர்களுக்கு உண்டு என்றும், அக்கருத்துக்கு அவர்தம் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்பளிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. 1992-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் இந்தியாவும் இவ்வுடன்படிக்கையில் இணைந்தது. ஆகவே, "எங்களையும் கேளுங்கள்" என்று நாம் சொல்வது அடம் பிடித்தல் அன்று. நம் நாடு நமக்குக் கொடுத்த வாக்கையே நினைவூட்டுகிறோம்.

திருச்சபை காட்டிய வழி

இளையோரை நம்பிப் பொறுப்பளிப்பது நம் திருச்சபைக்குப் புதியதன்று. இத்தாலி நாட்டுத் தூரின் நகரில், வேலை தேடி வந்து வீதிகளில் அலைந்த சிறுவர்களைப் புனித தொன் போஸ்கோ 1841-ஆம் ஆண்டு முதல் ஒன்று சேர்த்தார். அவர்களது கூச்சலைப் பொறுக்காத அக்கம் பக்கத்தார் இடத்திற்கு இடம் அவர்களை விரட்டினர். இறுதியாக 1846-ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருநாளன்று வால்தோக்கோ என்னுமிடத்தில் பினார்தி என்பவருடைய தாழ்ந்த கொட்டகை ஒன்றில் அவர்கள் நிலையாகக் குடிபுகுந்தனர். இன்று உலகெங்கும் பரவியுள்ள சலேசிய இல்லங்கள் அக்கொட்டகையிலிருந்து முளைத்தவையே. 1906-ஆம் ஆண்டு அச்சபையினர் நம் தஞ்சைக்கும் வந்து சேர்ந்தனர்.

இதனினும் நாம் கவனிக்க வேண்டிய நிகழ்ச்சி வேறொன்று உண்டு. 1856-ஆம் ஆண்டு, பதினான்கே வயது நிரம்பிய புனித தோமினிக் சாவியோ தம் தோழர்களுடன் சேர்ந்து அமல அன்னை சங்கம் என்ற ஒன்றைத் தொடங்கினார். அதன் ஒழுங்குகளைச் சிறுவர்களே வகுத்தனர். தொன் போஸ்கோ அவற்றைப் படித்துப் பார்த்து, வேண்டிய அறிவுரைகளைச் சேர்த்து, ஒப்புதல் தந்தார். மூன்றாண்டுகள் கழித்து, 1859-ஆம் ஆண்டு, அவர் சலேசிய சபையைத் தொடங்கியபோது அவருடன் நின்ற இளைஞருள் பலர் இச்சங்கத்தில் பயின்றவர்களே. சிறுவர்கள் எழுதிய ஒழுங்குகளை மதித்துப் படித்த ஒரு பெரியவருக்கு இறைவன் அளித்த பரிசு இதுவென்றால் மிகையாகாது.

பெல்ஜியம் நாட்டில் 1882-ஆம் ஆண்டு பிறந்த ஜோசப் கார்டைன் அடிகளாரையும் இங்கு நினைவுகூர வேண்டும். 1912-ஆம் ஆண்டு பிரஸ்ஸல்ஸ் நகரை அடுத்த லேக்கன் பங்கில் உதவிக் குருவாக அமர்ந்த அவர், உழைக்கும் இளம் பெண்களைச் சிறு குழுக்களாகக் கூட்டித் தம் பணியைத் தொடங்கினார். 1925-ஆம் ஆண்டு இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம் முறையாக உருப்பெற்றது. பார்த்தல், தீர்மானித்தல், செயல்படுதல் என்னும் மூன்று படிகளை அவர் கற்பித்தார். தொழிலாளரைப் பற்றிய செய்தியைத் தொழிலாளரே திரட்ட வேண்டும். அவர்களே நற்செய்தியின் ஒளியில் அதனை ஆராய வேண்டும். அவர்களே செயலில் இறங்க வேண்டும் என்பது அதன் உட்பொருள். 1961-ஆம் ஆண்டு திருத்தந்தை இருபத்து மூன்றாம் அருளப்பர் தம் சுற்றுமடலில் இம்முறையைப் பாராட்டி எழுதினார்.

அண்மைக் காலத்தில், 2018-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் இளையோரைப் பற்றிய ஆயர் மாமன்றம் உரோமையில் கூடியது. அதற்கு முன்பாகவே, அதே ஆண்டு மார்ச்சுத் திங்களில், பல நாடுகளிலிருந்து ஏறத்தாழ 300 இளையோரைத் திருத்தந்தை பிரான்சிஸ் உரோமைக்கு அழைத்துப் பேசச் செய்தார். அவர்கள் எழுதித் தந்த ஏடு ஆயர்களின் ஆய்வுக்குச் சென்றது. உலகத் திருச்சபையே எங்களைப் போன்றோரைக் கேட்டுவிட்டுப் பேசும்போது, ஓர் ஊரின் மன்றத்துக்காக எங்களைக் கேட்கலாகாதா?

கோபன்ஹேகன் சிறுவர்களின் விளையாட்டிடம்

டென்மார்க் நாட்டில் சோரன்சன் என்னும் பூங்கா அமைப்பாளர் இருந்தார். அழகிய விளையாட்டுத் திடல்களை அவர் அமைத்திருந்தும், சிறுவர்கள் அவற்றை விட்டுவிட்டுக் கட்டட வேலை நடக்கும் இடங்களுக்குச் சென்று, கிடைத்த பலகை, செங்கல், கயிறு ஆகியவற்றைக் கொண்டு விளையாடுவதை அவர் கண்டார். வேறொருவராயின் சிறுவர்களைக் கடிந்திருப்பார். சோரன்சனோ தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். நாடு போரின் பிடியில் இருந்த 1943-ஆம் ஆண்டு, கோபன்ஹேகன் நகரின் எம்துருப் பகுதியில் புதுவகை விளையாட்டிடம் ஒன்று திறக்கப்பட்டது. அங்கே ஊஞ்சலும் சறுக்கு மரமும் நடப்படவில்லை. பழைய மரத்துண்டுகளும் கருவிகளும் வைக்கப்பட்டன. உடனிருந்து பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற பெரியவர் ஒருவர் அமர்த்தப்பட்டார். சிறுவர்கள் தாங்களே குடிசைகள் கட்டினர்; பிரித்தனர்; மீண்டும் கட்டினர்.

தாம் அமைத்தவற்றுள் பார்வைக்கு மிகவும் அழகற்றது இதுவே என்றும், ஆயினும் தமக்கு இதுவே மிகச் சிறந்தது என்றும் சோரன்சன் கருதினார். போர் முடிந்தபின் இதனைக் கண்ட இங்கிலாந்து நாட்டு அம்மையார் லேடி ஆலன், இலண்டனில் குண்டு விழுந்து பாழான மனைகளில் இத்தகைய இடங்கள் தோன்ற வழி செய்தார். பயன்படுத்துகிறவர்கள் தம் கைகளால் அமைத்த இடத்தைத் தம்முடையதாகக் காப்பர் என்பதே இதிலிருந்து நாம் கற்கும் பாடம். பெரியவர் ஒருவர் உடனிருந்ததையும் நாம் மறத்தலாகாது. இளையோரைக் கேட்பது என்றால் பெரியோர் விலகிக்கொள்வது என்று பொருளன்று.

கேட்பதிலும் எட்டுப் படிகள்

ரோஜர் ஹார்ட் என்னும் அறிஞர் 1992-ஆம் ஆண்டு யுனிசெஃப் நிறுவனத்திற்காக எழுதிய நூலில், சிறுவர்களின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஓர் ஏணியாகக் காட்டினார். கீழ் மூன்று படிகள் உண்மையான பங்கேற்பே அல்ல என்பது அவர் கருத்து. சிறுவர்களைப் பெரியோர் தம் நோக்கத்திற்கு ஆட்டுவிப்பது முதற்படி. அவர்களை அலங்காரமாக நிறுத்துவது இரண்டாம் படி. பேருக்கு ஓரிருவரைப் பேச வைப்பது மூன்றாம் படி. மேலே செல்லச் செல்ல, செய்தியை அறிவித்து ஈடுபடுத்துதல், கருத்துக் கேட்டல், சேர்ந்து முடிவெடுத்தல் என்று படிகள் உயர்கின்றன. உச்சியில், சிறுவர்களே தொடங்கிப் பெரியோருடன் சேர்ந்து முடிவெடுக்கின்றனர்.

இதைப் படித்தபோது எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, சிந்தனையும் பிறந்தது. ஊரில் எந்தத் திறப்பு விழா நடந்தாலும் மாணவியர்க்கு ஒரு வேலை காத்திருக்கும். வரிசையில் நிற்போம், பன்னீர் தெளிப்போம், விருந்தினருக்கு மலர்ச்செண்டு கொடுப்போம், வரவேற்பு நடனம் ஆடுவோம். இவை நல்ல பண்புகளே. ஆனால், திறக்கப்படும் கட்டடத்தில் எங்களுக்கு என்ன இடம் என்று அன்றுவரை எங்களுக்கே தெரியாது. ஏணியின் இரண்டாம் படியில் நின்றுகொண்டு மேலே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

முதற்படி: பார்த்தல்

மன்றம் அமைப்பதற்கு முன் ஊரைப் பார்க்க வேண்டும். இளையோர் சிறு குழுக்களாகப் பிரிந்து தெருத் தெருவாக நடந்து ஓர் ஊர்ப்படம் வரையலாம். எங்கே விளக்கு இல்லை, எந்தச் சந்து வழியாகப் பெண்கள் போக அஞ்சுகின்றனர், பேருந்து எங்கே நிற்கிறது, எந்தத் திண்ணையில் யார் கூடுகின்றனர் என்பனவற்றை அதில் குறிக்கலாம். அடுத்து, கூட்டத்திற்கு வராதவர்களைத் தேடிச் சென்று கேட்க வேண்டும். பள்ளியை விட்டு வேலைக்குச் செல்லும் தம்பி, தங்கையை இடுப்பில் சுமந்து நிற்கும் சிறுமி, சக்கர நாற்காலியில் இருப்பவர், வேற்றுச் சமயத்தவர், ஊரின் கடைசித் தெருவில் குடியிருப்பவர் ஆகியோரே பெரும்பாலும் கேட்கப்படாதவர்கள்.

இக்கட்டுரைக்காக எங்கள் வகுப்பு மாணவியர் ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய மன்றத்தை ஒரு தாளில் வரைந்தோம். பெரிய மேடையும் மாடிக் கட்டடமும்தான் வரும் என்று எண்ணினோம்; வந்தவையோ வேறு. கதவு தெருவைப் பார்த்து இருக்க வேண்டும். வெளியே போகிற அம்மாமார் உள்ளே நடப்பதைக் காணும்படி சன்னல்கள் வேண்டும் என்று ஒருத்தி வரைந்திருந்தாள். உள்தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிவறையைப் பலரும் வரைந்திருந்தனர். மன்றத்திலிருந்து பேருந்து நிறுத்தம் வரை வரிசையாக விளக்குக் கம்பங்களை வரைந்தவள் ஒருத்தி. ஒரே அறையில் எல்லாரும் வாழும் வீட்டிலிருந்து வருகிற ஒருத்தி, யாரும் பேசாத ஒரு மூலையும் ஒரு மேசையும் மட்டும் வரைந்து, "இங்கே படிப்போம்" என்று எழுதியிருந்தாள். தம்பியையும் கூட்டி வரலாம் என்றால்தான் தன்னால் வர இயலும் என்று மற்றொருத்தி குறித்திருந்தாள். மாலை ஐந்து மணி தண்ணீர் பிடிக்கும் நேரமாதலால் ஆறு மணிக்கு மன்றம் மூடினால் தனக்குப் பயனில்லை என்றாள் இன்னொருத்தி. கைப்பந்தும் இறகுப்பந்தும் ஆட ஒரு திடல் வேண்டும், அங்கே எங்களுக்கென்று நாள்களும் வேண்டும் என்பதை ஏறக்குறைய அனைவரும் எழுதியிருந்தோம்.

இவற்றில் விலை உயர்ந்தவை மிகச் சில. தாழ்ப்பாளுக்கும் விளக்குக்கும் நேர மாற்றத்திற்கும் பெரும் பொருள் வேண்டியதில்லை. கேட்காத ஒரே காரணத்தால் இவை விட்டுப்போகின்றன. இவை விட்டுப்போனதால் பெண்பிள்ளைகள் வருவதில்லை. வராததைக் கண்டு, "இவர்களுக்கு ஆர்வமில்லை" என்று பிறர் முடிவு கட்டிவிடுகின்றனர்.

இரண்டாம் படி: தீர்மானித்தல்

எல்லாருடைய விருப்பமும் நிறைவேறப் பணமும் இடமும் போதா. ஆகவே தேர்ந்தெடுக்க வேண்டும். இதற்கு எளிய முறை ஒன்று உண்டு. ஒவ்வொரு விருப்பத்தையும் ஓர் அட்டையில் படமாக வரைந்து தரையில் பரப்ப வேண்டும். ஒவ்வொருவரிடமும் ஐந்து விதைகள் கொடுத்து, தமக்கு முக்கியமானவற்றின் மேல் வைக்கச் சொல்ல வேண்டும். பெண்களுக்குப் புளியங்கொட்டையும் ஆண்களுக்கு வேப்பங்கொட்டையும் கொடுத்தால், யாருக்கு எது தேவை என்பது கண்ணுக்கு நேரே விளங்கும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் இதில் கலந்துகொள்ளலாம். கூச்சமுள்ளவரும் வாய் திறவாமலே தம் கருத்தைக் கூறலாம். எண்ணிக்கை மட்டுமே முடிவு செய்யக் கூடாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சாய்தளப் பாதையை ஒரே ஒருவர் கேட்டாலும், அது இல்லாவிட்டால் அவருக்கு மன்றமே இல்லை.

இதன்பின் கொத்தனாரையோ பொறியாளரையோ அழைத்து, எதற்கு எவ்வளவு செலவாகும் என்று எல்லார் முன்னிலையிலும் கணக்குப் பார்க்க வேண்டும். எங்களுக்கு எத்தனை மூட்டை சிமெண்டு வேண்டும் என்று தெரியாது. அது அவர்களுக்குத் தெரியும். எந்தச் சந்து இருட்டு என்று அவர்களுக்குத் தெரியாது. அது எங்களுக்குத் தெரியும். இரு அறிவும் சேர்ந்தால்தான் கட்டடம் பயன்படும்.

வரைபடத் தாளைப் பார்த்து அறையின் அளவை உணர்வது பலருக்கும் கடினம். அதற்கும் நம் வீட்டிலேயே வழி இருக்கிறது. திடலில் கயிறு பிடித்து, கோலப்பொடியால் அறைகளை உண்மை அளவில் வரைந்து விடலாம். கதவு இருக்கும் இடத்தில் இடைவெளி விட வேண்டும். பின்னர் எல்லாரும் அதனுள் நடந்து, உட்கார்ந்து, கை நீட்டிப் பார்க்க வேண்டும். இருபது பேர் அமரும் அறை என்று தாளில் எழுதியது பத்துப் பேருக்கே போதும் என்பது அங்கே தெரிந்துவிடும். கோலப்பொடியை அழித்துத் திருத்துவது எளிது; எழுப்பிய சுவரை இடித்துத் திருத்துவது அரிது.

செய்ய இயலாதவற்றை, "இதனால் இயலவில்லை" என்று காரணத்துடன் கூறிவிட வேண்டும். கேட்டதெல்லாம் கிடைக்காது என்பது எங்களுக்கும் தெரியும். கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் இருப்பதே மனத்தை வருத்துகிறது.

மூன்றாம் படி: செயல்படுதல்

கட்டடம் முடிந்தவுடன் இளையோரின் பங்கு முடிந்துவிடாது. செயற்குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். பொறுப்புகள் ஆண்டுதோறும் மாற வேண்டும். திறவுகோல் ஒருவரிடமே தங்கிவிடக் கூடாது. வரவு செலவுக் கணக்கைக் கரும்பலகையில் எழுதி வைக்க வேண்டும். வழிகாட்டியாக நம்பிக்கைக்குரிய பெரியோர் இருவரேனும், அவர்களுள் ஒருவர் பெண்ணாக, எப்போதும் உடனிருக்க வேண்டும். கூட்டுவதும் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் உடைந்ததைச் செப்பனிடுவதும் முறை வைத்து எங்கள் கடமையாக வேண்டும். மூன்று மாதத்திற்கு ஒருமுறை, "யார் வருவதில்லை? ஏன்?" என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டாக வேண்டும்.

இளையோரால் இவை இயலுமா என்று ஐயுறுவோர் நம் குமரி மாவட்டத்தை நோக்கலாம். அங்கு வேரூன்றி வளர்ந்த அக்கம்பக்கக் குழந்தைகள் பாராளுமன்றங்களில், ஏறத்தாழ முப்பது வீடுகளின் குழந்தைகள் ஒன்றுகூடித் தம்முள் பிரதமரையும் நலவாழ்வு, கல்வி முதலிய துறைகளுக்கு அமைச்சர்களையும் தேர்ந்தெடுக்கின்றனர். தம் தெருவின் குறைகளைப் பெரியோரின் பார்வைக்குக் கொண்டு செல்கின்றனர். தெருவை ஆராயத் தெரிந்த குழந்தைகளுக்கு மன்றத்தை நடத்தவா தெரியாது?

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம்

"பெண்பிள்ளைக்கு மன்றம் எதற்கு? வீடே பாதுகாப்பு" என்று நம் பெற்றோர் சிலர் கூறுவதுண்டு. அவர்களது அச்சம் அன்பிலிருந்து எழுவது. அதை நாங்கள் குறையாக எண்ணவில்லை. அண்ணனுக்கு மாலை நேரத்தில் தெரு முழுவதும் திறந்திருக்கிறது. எங்களுக்குப் பள்ளிக் கதவுக்கும் வீட்டுக் கதவுக்கும் இடையே உள்ள வழி மட்டுமே இருக்கிறது. பத்தாம் வகுப்புடன் படிப்பு நின்றுவிட்டால் அந்த வழியும் மூடிவிடுகிறது. அதன்பின் தோழியைப் பார்க்க எங்கே போவது? ஒரு புத்தகத்தை எங்கே வாங்கிப் படிப்பது? மனத்தில் உள்ள கவலையை யாரிடம் சொல்வது?

ஆகவே, அம்மா அப்பாவையும் நாங்கள் அழைக்கிறோம். கோலப்பொடியால் வரைந்த அறைக்குள் நீங்களும் வந்து நில்லுங்கள். உங்கள் மகளை எத்தனை மணி வரை அனுப்புவீர்கள், அதற்கு என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். அவற்றையும் ஓர் அட்டையில் எழுதிக்கொள்வோம். உங்கள் அச்சத்தையும் எங்கள் ஆசையையும் ஒரே படத்தில் வரைந்தால் இரண்டுக்கும் இடமுள்ள வீடு ஒன்று அமையும்.

முடிவுரை

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பர் நம் முன்னோர். தேரின் வடத்தைப் பிடிக்கச் சிறுவர்களையும் அழைப்பதுண்டு. எந்த வீதி வழியாகத் தேர் செல்ல வேண்டும் என்று மட்டும் அவர்களைக் கேட்பதில்லை. மன்றம் என்னும் தேருக்கு அந்த வழக்கம் வேண்டாம். அங்காடியில் நின்று வந்த மன்றமாக இல்லாமல், முதல் கோடு வரையும் நாளிலேயே இளையோரை, சிறப்பாக இளம் பெண்களை, உடன் அமர்த்திக் கேட்டு எழுந்த மன்றமாக அது இருக்கட்டும். கேட்கப்பட்டால் நாங்களும் பொறுப்புடன் சிந்திப்போம். பொய்யான ஆசைகளை விடுத்து உண்மையான தேவைகளைக் கூறுவோம். அமைந்த இடத்தைக் கண்ணெனக் காப்போம். பன்னிரண்டு வயதில் ஆலயத்தில் போதகர் நடுவே அமர்ந்து, கேட்கவும் வினவவும் செய்த நம் ஆண்டவர் இயேசு, இளையோரின் குரலுக்குச் செவிசாய்க்கும் நல்மனத்தை நம் ஊர்களுக்கு அருள்வாராக!